குடியிருப்போரும் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தும் நகர்நல ஆய்வு: கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பேசி முடிக்க வேண்டும்?

தெருமுனை (கேள்வி)

நெருக்கமான குடியிருப்பு ஒன்று. ஏறக்குறைய 1,800 வீடுகள். ஒருபுறம் லாரிகள் ஓயாத சாலை, மறுபுறம் சிறு பட்டறைகள். தகரக் கூரை வீடுகள் அதிகம், வாடகைக்கு இருப்பவர்களும் அதிகம். பிள்ளைகளின் மூச்சிழுப்பு, கோடை இரவுகளில் வீட்டுக்குள் தாங்க முடியாத புழுக்கம், இந்த இரண்டும்தான் குடியிருப்போர் சங்கம் முன்வைக்கும் குறைகள். பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரத் துறை ஒன்று 18 மாத ஆய்வுக்கு முன்வந்திருக்கிறது. தயாரான வினாப்பட்டியல் ஒன்றையும் இரண்டு பக்க ஒப்புதல் கடிதத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். சங்கத்துக்குத் தெரிய வேண்டியவை:

1. ஒப்பந்தத்தில் எதை எழுதாமல் விட்டால் பின்னால் வருந்த வேண்டியிருக்கும்?
2. எல்லா வீட்டையும் கேட்க வேண்டுமா? எத்தனை வீடு போதும்?
3. விலை குறைந்த காற்றுமானிகளை நம்பலாமா?
4. கணக்கெடுக்கும் பகுதி மக்களுக்கு ஊதியம் எந்த அளவில், எப்படித் தருவது?
5. திரட்டிய தரவு யாரிடம் இருக்க வேண்டும்?

எண்ணோடும் காரணத்தோடும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நடைபாதை

வினாப்பட்டியல் முதலில் வந்திருக்கிறது என்பதே வரிசை பிசகியதற்கு அடையாளம். அதை ஓரமாக வைத்துவிட்டு, இரு தரப்பும் உட்கார்ந்து ஒரே ஒரு வரியை எழுதுங்கள்: இந்த ஆய்வின் முடிவைப் பார்த்து யார், எந்தத் தேதிக்குள், எதைத் தீர்மானிக்க வேண்டும்? "இரவு நேர லாரி ஓட்டத்தை வேறு பாதைக்கு மாற்றுவது பற்றிப் போக்குவரத்துத் துறை அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் முடிவெடுக்க வேண்டும்" என்பது ஒரு வரி. "தகரக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்புப் பூச்சு தரும் திட்டத்தில் இந்தப் பகுதியை நகராட்சி சேர்க்க வேண்டும்" என்பது இன்னொரு வரி. முதல் வரிக்கு மணிவாரியாகத் தெருவோரக் காற்றை அளக்க வேண்டும், வண்டிகளை எண்ண வேண்டும். இரண்டாவதற்கு இரவு 2 மணிக்கு வீட்டுக்குள் என்ன வெப்பம் என்று தெரிய வேண்டும். அந்த வரி இல்லாமல் தொடங்கினால் 80 கேள்வி கேட்பார்கள். எந்த அதிகாரியின் மேசைக்கும் பொருந்தாத 80 அட்டவணை வரும்.

சரியான பொருளை அளப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூயார்க்கின் ஹார்லெம் நல்ல உதாரணம். 1988இல் அங்கே உருவான 'வீ ஆக்ட்' என்ற மக்கள் அமைப்பும் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 1996 கோடையில் நான்கு சாலைச் சந்திப்புகளில் காற்றை அளந்தார்கள். பகுதியின் இளைஞர்களே பேருந்து, லாரி, நடப்பவர்கள் என்று எண்ணிக் கொடுத்தார்கள். நுண்துகள் அளவு இடத்துக்கு இடம் கொஞ்சம்தான் மாறியது. டீசல் புகையில் வரும் கரியின் அளவோ ஏறக்குறைய 4 மடங்கு வேறுபட்டது, அதுவும் வண்டி எண்ணிக்கையை ஒட்டியே. நுண்துகளை மட்டும் அளந்திருந்தால் "எல்லாத் தெருவும் ஒன்றுதான்" என்று பதில் வந்திருக்கும். டீசல் வண்டிகள்தான் வினை என்று அந்த மக்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்; அந்த அறிவுதான் எதை அளப்பது என்பதைத் தீர்மானித்தது. உங்கள் சங்கம் கொண்டுவரும் மூலதனமும் அதுவே. வீடு வீடாகக் கதவைத் தட்டித் தருவது அதற்கு அடுத்த வேலை.

இனி ஒப்பந்தம். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்தார். 4ஆம் படி கருத்துக் கேட்பது, 5ஆம் படி சமாதானப்படுத்துவது, 6ஆம் படிதான் கூட்டாளியாவது. இரண்டு பக்க ஒப்புதல் கடிதங்கள் பெரும்பாலும் 4இல் நிற்பவை. கீழே உள்ளவை எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

வழிநடத்தும் குழு: 9 பேர் என்றால் 5 பேர் பகுதி மக்கள். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் அந்த 5இல் குறைந்தது 3 பேர் வந்திருக்க வேண்டும் என்ற விதியும் சேர வேண்டும்; இல்லையேல் வேலைநாள் பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்து நாலு பேராசிரியர்களே தீர்மானம் போட்டுவிட முடியும். 5 இடத்தையும் சங்க நிர்வாகிகளே நிரப்பிவிடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர், வீட்டுவேலை செய்பவர், தெருவோர வியாபாரி, மாற்றுத்திறனாளி, மூச்சிழுப்புள்ள குழந்தையின் தாய் என்று எழுதியே வையுங்கள். சங்கம் சொந்த வீட்டுக்காரர்களின் குரலாக மட்டும் ஆகிவிட்டால் வெப்பமும் புகையும் அதிகம் தாக்கும் வீடு பட்டியலிலேயே வராமல் போகும். எல்லாரையும்விட நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான்.

பணம்: மொத்த நிதி எவ்வளவு, பல்கலைக்கழகம் நிர்வாகச் செலவாக எத்தனை விழுக்காடு பிடிக்கிறது, பகுதிக்கு வருவது எவ்வளவு என்று ஒரே தாளில் கேளுங்கள். கணக்கெடுப்பவர்களின் மணிக்கூலி, அதே வேலைக்குப் பல்கலைக்கழகம் தன் இளநிலை உதவியாளருக்குத் தரும் தொகையே. பயிற்சி நாட்களுக்கும் கூலி உண்டு; ஆள் இல்லாத வீட்டுக்குப் போய்த் திரும்பிய நேரத்துக்கும் உண்டு. "முடித்த படிவத்துக்கு இவ்வளவு" என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். படிவக் கூலி என்றால் மூன்றாவது மாடிக்கு யாரும் ஏற மாட்டார்கள், கதவு திறந்திருக்கும் வீடுகளாகவே நிரம்பும். அது ஊதியச் சிக்கலோடு நிற்பதில்லை, மாதிரியே கோணலாகிவிடும். குழு உறுப்பினர்களின் கூட்ட நேரத்துக்கும் இதே விதி. இன்னொன்று: பல நிறுவனங்கள் செலவு செய்த பிறகுதான் ரசீது பார்த்துப் பணம் தரும், அதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். தினக்கூலிக் குடும்பம் அதைத் தாங்காது. முன்பணம், இரண்டு வாரத்துக்கு ஒரு பட்டுவாடா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காலம்: 18 மாதத்தில் முதல் 4 மாதம் குழு அமைக்க, ஒப்பந்தம் பேச, பகுதியை வரைபடமாக்க. கடைசி 4 மாதம் முடிவைத் திருப்பிச் சொல்லவும் அதிகாரிகளிடம் கொண்டுபோகவும். நடுவே 10 மாதம்தான் அளக்கும் வேலை. நிதி தருபவரின் திட்டத்தில் அந்த முதல் நான்கு மாதத்துக்குச் சம்பளம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே வெற்றிடம் இருந்தால் அந்த உழைப்பை இலவசமாகச் சங்கம் தலையில் கட்டுகிறார்கள் என்று பொருள்.

---

அளவுகோல்

2, 3 கேள்விகளுக்கு.

மாதிரி அளவு: "பகுதியில் எத்தனை விழுக்காடு வீடுகளில் இந்தக் குறை" என்பதுதான் கேள்வி என்றால், 95% நம்பகத்தோடு 5 புள்ளி கூடக் குறையத் தெரிந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஊருக்கு 384 வீடு வேண்டும். மொத்தமே 1,800 வீடு என்பதால் அது 317 ஆகக் குறையும். ஆனால் நீங்கள் சந்து சந்தாகத்தான் எடுப்பீர்கள். ஒரே சந்தில் இருக்கும் வீடுகள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும், 10 வீட்டைக் கேட்டாலும் 10 தனித்தனிச் செய்தி கிடைக்காது. சந்துக்கு 10 வீடு, அந்த ஒப்புமை 0.05 (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் அச்சு அசல்) என்று கொண்டால், வீட்டு எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய எண் 1 + 9 × 0.05 = 1.45. அதை 1.5 என்று வைத்து 317ஐப் பெருக்கினால் 476. நூற்றுக்கு 15 பேர் மறுப்பார்கள் அல்லது அகப்பட மாட்டார்கள் என்றால் 476 ÷ 0.85, அதாவது 560 வீட்டைக் குறிவைக்க வேண்டும்.

இது சராசரிக்கு மட்டும். சாலையோர வீடுகளையும் உள்தெரு வீடுகளையும் ஒப்பிட வேண்டும், ஒன்றில் 30%, மற்றதில் 20% இருந்தால் அந்த வேறுபாட்டைத் தவறவிடக் கூடாது என்றால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 290 வேண்டும். சந்துப் பெருக்கலைச் சேர்த்தால் 435. அதற்கு மேல் மறுப்புக்கும் இடம் விட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே நடைபாதை சொன்ன அந்த ஒரு வரி முதலில் முடிவாக வேண்டும். ஒப்பீடு தேவையில்லையென்றால் 560 போதும். தேவையென்றால் 560 வீட்டில் செய்தது வீண். "வேறுபாடு இல்லை" என்று அறிக்கை வரும், உண்மையில் அது "கண்டுபிடிக்கும் அளவுக்கு வீடு கேட்கவில்லை" என்பதுதான். அந்த அறிக்கையை எதிர்த் தரப்பு ஆண்டுக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கும்.

மாதிரி எடுக்கும் பட்டியல் எது என்பதும் எண்ணிக்கைக்குச் சமமான சங்கதி. வரி கட்டும் வீடுகளின் பட்டியலையோ வாக்காளர் பட்டியலையோ எடுத்தால் வாடகைப் பகுதிகளும் ஒரே வாசலுக்குள் இருக்கும் மூன்று குடும்பங்களும் விழுந்துவிடும். பகுதி மக்கள் இருவர் இருவராக நடந்து, சந்துக்கு ஒரு தாள் போட்டு, வாசலை எண்ணாமல் அடுப்பை எண்ணுங்கள்: தனி அடுப்பு, தனிக் குடும்பம். அந்தப் பட்டியலிலிருந்து குலுக்கல். தேர்ந்த வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை வர வேண்டும். அதில் ஒன்று மாலை 7க்கு மேல், ஒன்று விடுமுறை நாள். பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகும் குடும்பங்கள் எல்லாம் ஆய்விலிருந்து மறைந்துவிடும்.

மூச்சிழுப்புக் கேள்விகளைப் புதிதாக எழுத வேண்டாம். 1991இல் தொடங்கிய 'ஐசாக்' என்ற பன்னாட்டுக் குழந்தைகள் ஆய்வில் பயன்பட்ட கேள்விகள் பல மொழிகளில் சோதிக்கப்பட்டவை. கடந்த 12 மாதத்தில் நெஞ்சில் விசில் போன்ற சத்தம் வந்ததா என்பதுதான் அவற்றின் மையம். ஆனால் மொழிபெயர்ப்பை அப்படியே நம்பக் கூடாது. நம் மொழியில் 'இளைப்பு' என்றால் ஒருவருக்கு மூச்சுவாங்குவது, இன்னொருவருக்கு உடல் மெலிவது, மற்றொருவருக்கு வெறும் களைப்பு. 'இழுப்பு' என்றால் சிலர் வலிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். 8 முதல் 10 பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எந்தச் சொல் பிசகுகிறது என்று ஒரு மதிய வேளையில் தெரிந்துவிடும். அந்தச் சத்தத்தையே கைப்பேசியில் ஒலிக்கவிட்டுக் கேட்பது இன்னும் நல்லது.

காற்றுமானி: விலை குறைந்தவை லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்கிடுபவை. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும்போது துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், கருவி கூடுதலாகக் காட்டும். மிக நுண்ணிய டீசல் கரியையோ சரியாகப் பார்க்காது. எனவே எல்லாக் கருவிகளையும் முதலில் இரண்டு வாரமாவது அரசுத் தரநிலைக் கண்காணிப்பு நிலையத்தின் பக்கத்தில் ஒன்றாகக் கட்டி ஒப்பிட வேண்டும். வேறு பருவத்தில் இன்னொரு முறை, ஆய்வு முடிந்த பிறகு மறுபடியும். ஒரு கருவி முழு ஆய்வுக் காலமும் அங்கேயே இருக்கட்டும். தெருவில் வைக்கும்போது தரையிலிருந்து 2 முதல் 3 மீட்டர் உயரம், சமையல் புகை வெளிவரும் இடத்துக்கும் குளிர்சாதனக் காற்றுக்கும் தள்ளி, சுவரில் ஒட்டாமல். ஓரிரு ஆண்டில் லேசரும் விசிறியும் தளரும், அளவு மெல்ல விலகும்.

லாரிப் புகைதான் இலக்கு என்றால் நைட்ரஜன் டை ஆக்சைடு உறிஞ்சும் சிறு குழாய்களைப் பாருங்கள். மின்சாரம் வேண்டாம், விளக்குக் கம்பத்தில் கட்டி 2 முதல் 4 வாரம் விட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். மணிவாரி அளவு கிடைக்காது, தெருவுக்குத் தெரு ஒப்பிடலாம். சில இடங்களில் மூன்று குழாயை ஒன்றாகக் கட்டுங்கள். திறக்காத குழாய் இரண்டை அதே பெட்டியில் அனுப்புங்கள். ஆய்வகம் பிழை செய்தால் அவை காட்டிக்கொடுக்கும்.

எதோடு ஒப்பிடுவது என்று கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5 நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 15 என்று வழிகாட்டியது. 2005இல் அவை 10, 25 ஆக இருந்தன. நாட்டின் சட்ட வரம்பு வேறு எண். இரண்டையும் அறிக்கையில் போடுங்கள். ஒரு மணி நேர உச்சத்தை ஆண்டு வரம்போடு ஒப்பிட்டுத் தலைப்பு போட்டால் முதல் விவாதத்திலேயே அறிக்கை விழுந்துவிடும்.

---

பூட்டுச்சாவி

5ஆவது கேள்வி. 'தரவு யாருடையது' என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டால் சண்டைதான் வரும். நாலாகப் பிரியுங்கள்: யார் வைத்திருப்பது, யார் பார்ப்பது, எதற்குப் பயன்படுத்தலாம் என்று யார் முடிவு செய்வது, எப்போது அழிப்பது.

மூன்றாவதுதான் உயிர்நிலை. அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வு என்று நம்பி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் பிறகு மனச்சிதைவு, உறவுக்குள் திருமணம், இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் போயிற்று. வழக்கு 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடும், எஞ்சிய ரத்த மாதிரிகளைத் திருப்பித் தருவதோடும் முடிந்தது. அவ்வளவு பெரிய காயத்துக்கு வழிவிட்டது ஒப்புதல் படிவத்தின் அகலமான சொற்கள். உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தில் "எதிர்கால ஆய்வுகளுக்கும்" என்ற தொடர் இருந்தால் அடித்துவிட்டு, "ஒவ்வொரு புதிய பயன்பாட்டுக்கும் வழிநடத்தும் குழுவின் எழுத்து ஒப்புதல் தேவை" என்று எழுதுங்கள்.

இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. கனடாவின் முதற்குடிகள் 1998இல் வகுத்த நான்கு கோட்பாடுகள்: உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களை ஆய்வு செய்ய வருபவர்களுக்கென்றே ஒரு நெறிமுறையை வெளியிட்டார்கள்: மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையான வழி. நகரக் குடியிருப்புக்கு அப்படியே பொருந்தா. பழங்குடிக்கு உள்ள ஆட்சி அமைப்பு உங்களுக்கு இல்லை. ஆனால் ஒப்பந்த வாசகத்துக்கு நல்ல அச்சு.

நடைமுறை: பெயர், முகவரி, கைப்பேசி எண் ஒரு கோப்பு. பதில்களும் அளவுகளும் இன்னொரு கோப்பு. இரண்டையும் இணைக்கும் குறியெண் பட்டியல் மூன்றாவது. அது மறையாக்கப்பட்டு, இரண்டே பேரிடம், ஒருவர் பகுதியைச் சேர்ந்தவர். கணக்கெடுப்பவர் தன் சந்தில் தானே கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கருச்சிதைவையும் குடிப்பழக்கத்தையும் யார் சொல்வார்? சொன்னாலும் அது வெளியே போகாது என்று எப்படி நம்புவார்?

வரைபடத்தில் கவனம். ஆயத்தொலைவில் (அகலாங்கு, நெட்டாங்கு எண்ணில்) தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர்; வீட்டுக் கதவையே காட்டும். மூன்று இலக்கம் என்றால் 110 மீட்டர் அளவு. வெளியிடும் கோப்பில் மூன்றுக்கு மேல் வேண்டாம். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள்ளும் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், நீக்கிவிட்டுப் பகிருங்கள். அட்டவணையில் 5க்குக் கீழான எண் வந்தால் மறைக்க வேண்டும். ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு வரிசையின் கூட்டலைக் காட்டினால் கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது கட்டம் ஒன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும். இந்தத் தவறு அச்சான அறிக்கைகளில்கூட வருகிறது.

நான்காவது, அழிப்பது. அடையாளக் கோப்பு எந்தத் தேதியில் அழிக்கப்படும், அழித்ததற்குச் சான்று யார் தருவார் என்பதை மாதம், ஆண்டோடு எழுதுங்கள்.

---

தெருமுனை

மூவருக்கும் நன்றி. சங்கத்தில் ஒரு வாதம் ஓடுகிறது. முடிவு பிடிக்கவில்லை என்றால் வெளியீட்டைத் தடுக்கும் உரிமை வேண்டும் என்கிறார்கள் சிலர். பல்கலைக்கழகம் அதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாது என்றும் கேள்வி. நியாயம் எது?

---

நடைபாதை

தடுக்கும் உரிமை கேட்காதீர்கள். கிடைத்தாலும் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்: "சங்கத்துக்குப் பிடித்ததை மட்டும் வெளியிட்ட ஆய்வு" என்று எதிர்த் தரப்பு ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும். அதற்குப் பதில் மூன்றைக் கேளுங்கள். கட்டுரையோ செய்திக்குறிப்போ வெளியே போகும் முன் 30 நாள் பார்வையிடும் காலம். ஒத்துப்போகாத இடத்தில், பகுதி மக்களின் கருத்து சுருக்கப்படாமல் அதே அறிக்கைக்குள் அச்சாகும் உரிமை. மூன்றாவது, பகுதியின் பெயரை வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முழு அதிகாரம். முதல் இரண்டுக்கும் நியாயமான ஆய்வாளர் யாரும் மறுக்க மாட்டார். மூன்றாவதுக்கு மறுத்தால் ஏன் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

---

பூட்டுச்சாவி

ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தனி மனிதரையோ வீட்டையோ அடையாளம் காட்டிவிடும் அட்டவணை, படம், மேற்கோள் என்றால் தடுக்கும் உரிமை இருந்தே ஆக வேண்டும். அதற்கு 30 நாள் கருத்துச் சொல்வது போதாது. "முடிவைத் தடுக்க முடியாது, அடையாளத்தைத் தடுக்க முடியும்" என்று இரண்டு தனி விதியாக எழுதுங்கள்.

---

நடைபாதை

சரி, அதை ஏற்கிறேன்.

---

வெயில்நிழல்

வெப்பத்தை எப்படி அளப்பது என்று யாரும் சொல்லவில்லை. கூரைப் பூச்சுத் திட்டம் இலக்கு என்றால் இதுதான் உங்களுக்கு எளிதில் வெல்லக்கூடிய பாதி.

பொத்தான் அளவு வெப்பமானிகள், 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு. வீட்டில் எல்லாரும் தூங்கும் இடத்தில், தரையிலிருந்து 1.1 முதல் 1.5 மீட்டருக்குள், அடுப்பு, ஜன்னல் வெயில், குளிர்பெட்டி, வெளிச்சுவர் இவற்றைவிட்டுத் தள்ளி. தொடங்கும் முன் எல்லாக் கருவிகளையும் ஒரே பெட்டிக்குள் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் விலகுவதைத் தனியே எடுத்துவிடுங்கள். ஈரப்பதமும் பதிவாக வேண்டும், வியர்வை ஆறுவதை அதுதான் தீர்மானிக்கிறது. பகல் உச்சத்தை மட்டும் அறிக்கையில் போடாதீர்கள். உடல் மீள்வது இரவில். இரவு 10 முதல் காலை 6 வரை உள்ளே எத்தனை மணி நேரம் எந்த அளவுக்கு மேல் இருந்தது என்பதே அதிகாரியிடம் பேசும் எண்.

பூச்சு கொடுத்த பின் முன், பின் என்று மட்டும் ஒப்பிடுவது பொறி. மே மாதத்தில் அளந்து, ஆகஸ்டில் மறுபடி அளந்தால் பருவமே குளிர்ந்திருக்கும். குளிர்ந்ததற்கான பெயர் பூச்சுக்குப் போய்விடும். மிகச் சூடான 30 வீட்டைத் தேடிப் பிடித்துப் பூசினாலும் அப்படித்தான்: உச்சத்தில் அகப்பட்டவை அடுத்த அளவில் தாமாகவே கொஞ்சம் இறங்கும். எல்லார் கூரையையும் ஒரே நாளில் பூசவும் முடியாது. அந்தத் தடையையே வழியாக்கலாம்: சந்துகளை 4 தொகுதியாக்கி, எது முதலில் என்பதை எல்லார் முன்னிலையிலும் குலுக்கிப் போடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தொகுதி. முதல் நாளிலிருந்தே எல்லாத் தொகுதியிலும் வெப்பமானி ஓடட்டும். இன்னும் பூசாத சந்து பூசிய சந்துக்கு ஒப்பீடாக நிற்கும்; கடைசியில் யாருக்கும் இல்லை என்று ஆகாது. யாருக்கும் தராமல் வைத்து ஒப்பிடும் முறையைவிட இதை மக்கள் ஏற்பது எளிது, ஏற்பதற்கான காரணமும் நேர்மையானது. வயதானவர், இதய நோயாளி, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் குலுக்கலுக்கு வெளியே முதலிடம் கொடுத்துவிட்டு, அந்த வீடுகளின் அளவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

முடிவைத் திருப்பிச் சொல்வது பற்றியும் ஒன்று. ஆய்வுக்காக ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள் என்றால் 180/110ஐத் தொட்டவரை 18 மாதம் கழித்து அறிக்கையில் சந்திக்க முடியாது. அன்றைக்கே மறுபடி அளந்து, அதே நாளில் அனுப்ப ஒரு மருத்துவமனையோடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். மூச்சுத் திணறும் குழந்தைக்கும் இதே ஏற்பாடு. அனுப்ப இடமில்லாமல் அளக்கத் தொடங்கவே கூடாது. மற்ற முடிவுகள்: அளவு முடிந்து 6 வாரத்துக்குள், பத்திரிகைக்கு முன், சந்துக் கூட்டத்தில். நீண்ட எழுத்து வேண்டாம், சந்து வரைபடமும் மூன்று நிறமும் போதும். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'அர்பன் ஹார்ட்' என்ற கருவியும் நகரப் பகுதிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுவதுதான். ஆணையர் அலுவலகத்துக்கும் அந்த ஒரே தாளை எடுத்துப் போங்கள்.

---

தெருமுனை

கடைசியாக ஒன்று. வாடகைக்கு இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். "சுவரில் பூஞ்சை, வீட்டுக்குள் 36 டிகிரி" என்று பதிவானால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்கிறார்கள். கூரை பூசினால் வாடகை ஏறும் என்றும்.

---

நடைபாதை

இரண்டு பயமும் உண்மையானவை, ஆய்வுத் திட்டத்துக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும். முதலாவதுக்கு: வெப்பமானி இருக்கும் வீடு எது என்று தெருவுக்குத் தெரியக் கூடாது. எனவே குலுக்கலில் தேர்ந்த வீடுகளுக்கு மட்டும் போகாமல், சந்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி உறையில் துண்டறிக்கை கொடுங்கள். கருவியை அதே உறையில் உள்ளே கொண்டுபோங்கள். முடிவைச் சந்து அளவில் மட்டும் சொல்லுங்கள், அதுவும் குறைந்தது 5 வீட்டில் அளந்த சந்துக்கே. தனி வீட்டின் அளவை அந்தக் குடும்பத்துக்கு மட்டும், வாயால் சொல்லலாம். தாளில் கேட்டால் அவர்கள் விருப்பம். கருவி வைக்க வீட்டுக்காரரின் அனுமதி சட்டப்படி தேவையா என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தேவையில்லாத இடத்தில் கேட்டால் வாடகைக்காரரை நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவதுக்கு: பூச்சு பெறும் வீட்டுக்காரர் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகையை உயர்த்த மாட்டேன், காலி செய்யச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்திட்ட பிறகே பூச வேண்டும். அதைக் கண்காணிக்க, 6ஆம் மாதமும் 12ஆம் மாதமும் அதே வீடுகளில் இரண்டே கேள்வி: அதே குடும்பம்தான் இருக்கிறதா, வாடகை எவ்வளவு. இந்த இரண்டையும் நலக் குறியீடுகளோடு சேர்த்து அறிக்கையில் வைக்கச் சொல்லுங்கள். வெப்பம் 2 டிகிரி குறைந்து, அங்கே இருந்தவர்கள் இன்னும் சூடான வேறு தகரத்தின் கீழ் போய்விட்டிருந்தால், அந்த 2 டிகிரி யாருக்குக் கிடைத்தது என்பதையும் அதே அட்டவணை காட்ட வேண்டும்.